சோபா குஷன் முதல் இலவம் பஞ்சுத் தலையணை வரை: உள்ளே இருப்பதைப் பார்த்து வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

குஷன் வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் போவது உறையின் மேல்தான். நிறம் சுவருக்குப் பொருந்துமா, பூ வேலை நன்றாக இருக்கிறதா, ஜரிகை உறுத்துமா என்று பத்து நிமிடம் பார்ப்பார்கள். உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு, கேட்டாலும் "நல்ல குவாலிட்டிங்க" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஒரு வருஷத்தில் சோபா பள்ளம் விழுவதற்கும், காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் எழுந்திருப்பதற்கும் காரணம் உறை இல்லை, உள்ளே இருக்கும் சரக்குதான். உறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதனால் இந்த வழிகாட்டியில் முதலில் உள்ளே இருப்பதைப் பற்றி நிறையப் பேசுவோம், துணி, தையல் எல்லாம் அப்புறம்.

படி 1: இருப்பதை முதலில் திறந்து பாருங்கள்

புதிதாக வாங்குவதற்கு முன்னால் வீட்டில் உள்ள குஷனின் ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஃபோம் மஞ்சளாகி, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. உதிரவில்லை, ஆனால் நடுவில் மட்டும் அமுங்கியிருக்கிறது என்றால் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. "சோபா குழி விழுந்துவிட்டது" என்று புலம்பும் வீடுகளில் பல நேரம் குஷன் நன்றாகத்தான் இருக்கும், அதற்கு அடியில் இருக்கும் எலாஸ்டிக் பட்டை தளர்ந்திருக்கும், அல்லது ஸ்பிரிங் கழன்றிருக்கும், அல்லது ப்ளைவுட் வளைந்திருக்கும். குஷனை எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பாருங்கள். தரையில் நன்றாக இருந்து சோபாவில் மட்டும் அமுங்கினால் கோளாறு சட்டத்தில். பட்டை மாற்றும் செலவு புது குஷன் செலவைவிட மிகக் குறைவு, அதைச் செய்யாமல் விலை உயர்ந்த ஃபோம் போட்டாலும் அதுவும் அதே குழிக்குள்தான் போய் உட்காரும்.

படி 2: அளவெடுப்பது

பழைய குஷனை அளந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள், அது ஏற்கெனவே சப்பி, விரிந்து, ஓரம் தேய்ந்து இருக்கும். குஷன் உட்காரும் மரச்சட்டத்தை அளந்துகொள்ளுங்கள். மர சாமான் எதுவும் நாலு மூலையும் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம், முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடத்தில் அகலத்தை அளந்து, அதில் சிறியதை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக்காக மூலையில் வெட்டு இருந்தால் செய்தித்தாளை அங்கே விரித்து, அச்சு எடுத்துக்கொண்டு போவதுதான் சரி. ஃபோம் வெட்டுகிறவருக்கு அந்தத் தாளைக் கொடுத்தால் போதும்.

தடிமன் விஷயத்தில் அவசரப்படக் கூடாது. நாலு அங்குல குஷன் இருந்த இடத்தில் "மெத்து மெத்துன்னு இருக்கட்டும்" என்று ஆறு அங்குலம் போட்டால், கைப்பிடி தாழ்ந்துபோகும், குள்ளமானவர்களுக்குக் கால் தரையில் பாவாது. தரையிலிருந்து உட்காரும் மட்டம் 17, 18 அங்குலம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு அதைவிட ஒரு அங்குலம் உயரமாக இருந்தால் எழுந்திருக்கச் சிரமம் இருக்காது.

படி 3: உட்காரும் குஷனுக்கு ஃபோம் தேர்ந்தெடுப்பது

ஃபோம் கடையில் பேச்சு "எத்தனை டென்சிட்டி?" என்றுதான் தொடங்கும். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறது என்பதுதான் டென்சிட்டி. 18, 23, 28, 32, 40, 50 என்று வரும். 18, 23 எல்லாம் சாய்மானத்துக்கும் அலங்காரத்துக்கும்தான். தினமும் நாலு பேர் உட்கார்ந்து எழுந்திருக்கும் சோபாவுக்கு 32க்குக் கீழே போகாதீர்கள். 40 போட்டால் பல வருஷம் கவலை இல்லை. எப்போதோ வரும் விருந்தாளிக்கான நாற்காலி என்றால் 28 போதும்.

டென்சிட்டி கூடினால் கல்லாக இருக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது அப்படி இல்லை. டென்சிட்டி சொல்வது உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்பதை. கடினம், மென்மை என்பது தனிக் கணக்கு. ஒரே 40 டென்சிட்டியில் சாஃப்ட், மீடியம், ஹார்டு மூன்றும் கிடைக்கும். கடைக்காரர் 40 என்று ஒரு பலகையை எடுத்துப் போட்டால், அதிலேயே சாஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஹெச்ஆர் ஃபோம் என்று ஒன்று தனியாக வரும், அது அமுக்கிய கையை உடனே மேலே தள்ளும், விலை கூடுதல், உட்காருவதற்கு அதைவிட நல்ல ஃபோம் கிடையாது என்பது என் எண்ணம்.

சொல்லும் டென்சிட்டி உண்மையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தராசு இருந்தால் போதும். நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அங்குலத்தில் எடுத்துப் பெருக்குங்கள், வந்ததை டென்சிட்டியால் பெருக்கி, 61,000ஆல் வகுங்கள். கிடைப்பது அந்தப் பலகையின் எடை, கிலோவில். உதாரணமாக 24க்கு 24, தடிமன் 5 என்றால் 2,880 வரும். அது 40 டென்சிட்டியாக இருந்தால் எடை சுமார் 1.9 கிலோ இருக்க வேண்டும், 32 என்றால் 1.5 கிலோ, 23 என்றால் 1.1 கிலோ. 40 என்று சொல்லி விலை போட்ட பலகை ஒன்றேகால் கிலோதான் நிற்கிறது என்றால் அது 28கூட இல்லை. அந்த இடத்திலேயே எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டியதில்லை, பணம் நம்முடையது. எடையைக் கூட்டுவதற்கு சுண்ணாம்புத் தூள் கலந்த ஃபோமும் சந்தையில் உண்டு. அதை வெட்டிய ஓரத்தில் விரலால் தேய்த்தால் தூள் தட்டும், கிள்ளினால் சுலபமாகப் பிய்ந்து வரும். நல்ல ஃபோம் கிள்ளினால் இழுபடும், பிய்யாது.

இப்போது அடுக்கு. ஒரே ஃபோமை ஐந்து அங்குலம் போடுவதைவிட, அடியில் ஒரு அங்குலம் ரீபாண்டட், நடுவில் மூன்று அங்குலம் 40, மேலே ஒரு அங்குலம் சாஃப்ட் என்று ஒட்டிப் போட்டால் உட்காரும் சுகமே வேறு. ரீபாண்டட் என்பது வெட்டிய துண்டுகளை அரைத்து, பசை சேர்த்து, அழுத்திச் செய்த பலகை, பல நிறத் துணுக்குகள் தெரியும், கனமாகவும் கெட்டியாகவும் இருக்கும். அடியில் ப்ளைவுட் இருக்கும் சோபாவில் இந்த அடுக்கு அவசியம், இல்லாவிட்டால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பலகை தட்டும். முழுக் குஷனையும் ரீபாண்டட்டிலேயே போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது மெத்தைக்கு அடியில் போட ஏற்றது, மேலே உட்கார அல்ல. பிரம்பு பின்னிய பழைய தேக்கு நாற்காலிக்கு இவ்வளவும் தேவையில்லை, பிரம்பே கொஞ்சம் வளைந்து கொடுக்கும், இரண்டு அங்குலம் 32 போதும்.

ஃபோமை உறையைவிட நாலு பக்கமும் சேர்த்து அரை அங்குலம் பெரிதாக வெட்டச் சொல்லுங்கள். அப்புறம் அதைச் சுற்றி ரெக்ரான் ஷீட்டை, அதாவது பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பை, ஒரு சுற்று சுற்றி ஒட்டச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம்தான், ஆனால் மூலைகள் நிரம்பி, உறை சுருக்கம் விழாமல், குஷன் மேலே லேசாக மேடாக நிற்கும். கடையில் பார்த்த சோபா கொழுகொழுவென்று இருந்து, வீட்டில் தைத்தது மட்டும் தட்டையாகத் தெரிவதற்கு இந்த ஒரு ஷீட்தான் வித்தியாசம்.

காயரும் உண்டு. தேங்காய் நாரை ரப்பர் பால் தெளித்து அழுத்திய பலகை. காற்றோட்டம் நன்றாக இருக்கும், வேர்க்காது, ஆனால் கெட்டி. திவானுக்கு நல்லது. சோபாவுக்குப் போட்டால் மேலே ஃபோம் வைத்தே ஆக வேண்டும்.

படி 4: முதுகுக்கும் மடிக்கும் சின்ன குஷன்கள்

சாய்மானம் உட்காரும் குஷன் மாதிரி பாரம் தாங்க வேண்டியதில்லை, மிருதுவாக இருந்தால் போதும். 23 அல்லது 28 சாஃப்ட் ஃபோம் போடலாம், இல்லை ஃபைபர் அடைத்த குஷன் வைக்கலாம். எனக்கு ஃபைபர்தான் பிடிக்கும், முதுகின் வளைவுக்கு ஏற்ப ஒதுங்கிக் கொடுக்கும்.

ஃபைபரில் இரண்டு தரம். ஒன்று புது பாலியெஸ்டர் இழை, உள்ளே குழாய் மாதிரி பொள்ளல், மேலே சிலிக்கான் பூச்சு. கையில் எடுத்தால் வழுவழுவென்று நழுவும், அமுக்கிவிட்டால் எழும்பும். இன்னொன்று பழைய பிளாஸ்டிக்கிலிருந்து மறுபடி இழுத்த இழை. இதிலும் நல்லது உண்டு, ஆனால் மலிவான குஷன்களில் வருவது சொரசொரப்பாக, நிறம் மங்கி இருக்கும், இரண்டு மூன்று மாதத்தில் உருண்டை உருண்டையாகக் கட்டிக்கொள்ளும். கடையில் குஷனை நீளவாக்கில் மடித்து, பத்து எண்ணும் வரை அமுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். தானாகத் திறந்து பழைய வடிவத்துக்கு வந்தால் வாங்கலாம். மடித்தது மடித்தபடியே கிடந்தால் வேண்டாம். காற்று உறிஞ்சி தட்டையாகப் பொட்டலம் கட்டி வருவதை மட்டும் உடனே எடைபோட்டுவிடாதீர்கள், பிரித்து, நன்றாக உதறி, ஒரு நாள் விட்டுவிட்டு அப்புறம் பாருங்கள்.

அளவுகள் 12, 16, 18, 20, 24 அங்குலச் சதுரங்களாக வரும். நம் ஊர் வீடுகளில் உள்ள மூன்று பேர் சோபாவுக்கு 16 அங்குலம் சரியாக நிற்கும். 20, 24 எல்லாம் ஆழமான பெரிய சோபாவுக்கு, சின்ன சோபாவில் வைத்தால் உட்கார இடம் இருக்காது, வருகிறவர்கள் எல்லாரும் குஷனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இடுப்புக்கு என்றே 12க்கு 20 அளவில் நீளவாக்கில் ஒன்று வரும். முதுகு வலி உள்ளவர் வீட்டில் இருந்தால் அலங்காரக் குஷன் நாலைக் குறைத்துக்கொண்டு இதில் ஒன்று வாங்குங்கள்.

உள்ளே அடைப்பது எப்போதும் உறையைவிட ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். 16 உறைக்கு 17 அல்லது 18 குஷன். சமமாக வாங்கினால் மூலைகள் காது மாதிரி தொங்கும்.

படி 5: திவான், ஊஞ்சல், சாப்பாட்டு நாற்காலி

திவானுக்குத் திண்டுதான் உயிர். உருளைத் திண்டில் ஃபைபர் மட்டும் அடைத்தால் சாய்ந்ததும் அமுங்கி முதுகு சுவரில் இடிக்கும். நடுவில் ஃபோம் பலகையைச் சுருட்டி வைத்து, அதைச் சுற்றி ஃபைபரோ பஞ்சோ அடைத்தால் கெட்டியாக நிற்கும். 30 அங்குல நீளம், 8, 9 அங்குலக் குறுக்களவு வழக்கமான அளவு. பஞ்சு மட்டுமே அடைத்த பழைய திண்டு வீட்டில் இருந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள், பஞ்சை எடுத்து அடித்துத் திரும்ப அடைத்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும்.

ஊஞ்சல் பலகைக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள், உயரம் கூடினால் ஆடும்போது சறுக்கும். 40 டென்சிட்டி ஹார்டு, நாலு மூலையிலும் சங்கிலியில் கட்ட நாடா, அடிப்பக்கம் வழுக்காத துணி. குழந்தைகள் ஆடும் ஊஞ்சல் என்றால் நாடா இல்லாமல் குஷன் வைக்கவே வேண்டாம்.

சாப்பாட்டு நாற்காலிக்கு ஒன்று, ஒன்றரை அங்குலம் போதும். சாம்பார் சிந்தும் இடம், அதனால் உறை கழற்றித் துவைக்கும்படி இருக்க வேண்டும், அது ஒன்றுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. ஃபோம் தீப்பிடித்தால் மளமளவென்று எரியும், கார்பன் மோனாக்சைடும் சயனைடும் கலந்த புகை வரும், தீயைவிட அந்தப் புகைதான் ஆபத்து. இலவம் பஞ்சும் நொடியில் பற்றும். கொசுவர்த்திச் சுருளைத் திவானுக்கு அடியில் கொளுத்தி வைக்கும் பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள். பூஜை விளக்குக்குப் பக்கத்தில் குஷன் போட்ட மணை வைப்பதும் வேண்டாம்.

படி 6: தலைக்கு வைக்கும் தலையணை

தலையணைக்கு எல்லாருக்கும் பொதுவான உயரம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் எப்படிப் படுக்கிறீர்கள், எதன் மேல் படுக்கிறீர்கள் என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் தோள் முனைக்கும் இடையில் உள்ள இடைவெளியைத் தலையணை நிரப்ப வேண்டும், தலை வைத்தபிறகு நாலு, ஐந்து அங்குலம் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மல்லாந்து படுப்பவருக்கு மூன்று, நாலு அங்குலம். குப்புறப் படுப்பவர்கள் மிக மெல்லியதை வைக்கலாம், வைக்காமலும் படுக்கலாம்.

இதோடு படுக்கையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மிருதுவான மெத்தையில் தோள் உள்ளே புதையும், அதனால் தலையணை தாழ்வாக இருந்தால் போதும். பாயிலோ கெட்டியான காயர் மெத்தையிலோ தோள் புதையாது, ஒருக்களித்துப் படுப்பவருக்கு உயரம் கூடுதலாக வேண்டும். மெத்தையை மாற்றியதும் கழுத்து வலி வந்தது என்பார்கள், பார்த்தால் தலையணை பழையதாகவே இருக்கும். வீட்டில் யாரையாவது, நீங்கள் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பிடரியும் முதுகெலும்பும் ஒரே கோட்டில் இருந்தால் உயரம் சரி.

சரி, எந்தச் சரக்கு? ஃபைபர் தலையணை மலிவு, துவைக்கலாம், ஆனால் ஒன்றிரண்டு வருஷத்தில் சப்பிவிடும். தூசி ஒவ்வாமை, வீசிங் உள்ளவர்களுக்கு அடிக்கடி துவைக்க முடிவதால் இது நல்லது. லேடெக்ஸ் என்பது ரப்பர் பாலிலிருந்து செய்வது, ஊசித் துளைகள் நிறைய இருக்கும், துள்ளும், பல வருஷம் உழைக்கும், விலை அதிகம். ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்க்க வேண்டும். மெமரி ஃபோம் 1966இல் அமெரிக்காவின் நாசாவுக்காக விமான இருக்கைக்கு உருவாக்கியது, உடல் சூட்டில் இளகி வடிவம் எடுக்கும். அந்தக் குணம்தான் நம் வெயிலில் தொல்லை. சித்திரை மாதம் ஏசி இல்லாத அறையில் அது தொளதொளவென்று இளகித் தலை சூடாகும், ஏசியைக் குறைத்து வைத்தால் கெட்டியாகும். எப்போதும் ஒரே குளிரில் தூங்குகிறவர்களுக்கு மட்டும் அது சரிப்படும். பருத்திப் பஞ்சு உறுதியானது, குளுமையானது, ஆனால் கொஞ்ச நாளில் இறுகும், மறுபடி அடிக்க வேண்டும்.

கைக்குழந்தைக்குத் தலையணையே வேண்டாம். தலை உருண்டையாக வரும் என்று கடுகுத் தலையணை வைப்பது பல வீடுகளில் வழக்கம், அதை அன்போடுதான் செய்கிறார்கள். ஆனாலும் ஒரு வயது முடியும்வரை குழந்தையின் படுக்கையில் தலையணை, குஷன், பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மூச்சு முட்டும் ஆபத்து நிஜமானது.

படி 7: இலவம் பஞ்சுத் தலையணை, வாங்குவதும் அடைப்பதும்

என்னைக் கேட்டால் நம் தட்பவெப்பத்துக்கு இதற்கு இணை எதுவும் இல்லை. இலவம் இழை உள்ளே வெற்றுக் குழாய், மேலே மெல்லிய மெழுகுப் படலம். உள்ளே காற்று இருப்பதால் எடை தெரியாது, மெழுகு இருப்பதால் தண்ணீர் சுலபத்தில் ஏறாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். தமிழ்நாட்டில் தேனி மாவட்டம் போடி, வருசநாடு பக்கம் இலவ மரங்கள் நிறைய. கோடை தொடங்கும்போது காய்கள் முற்றி வெடிக்கும். அறுவடை முடிந்து புதுப் பஞ்சு வரும் நேரத்தில் வாங்கினால் சரக்கு நன்றாக இருக்கும்.

இலவம் என்று சொல்லி மில் கழிவுப் பஞ்சைக் கலப்பது உண்டு. பார்த்ததும் தெரியாது. கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து முறுக்குங்கள். பருத்தி நூலாகத் திரியும். இலவம் திரியாது, வழுக்கிப் பிரியும், அதனால்தான் அதை நூலாக நூற்பது கடினம். வெளிச்சத்தில் பட்டு மாதிரி இளமஞ்சள் மினுமினுப்பு தெரியும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள், இலவம் மிதந்துகொண்டே இருக்கும், பருத்திக் கழிவு நனைந்து அமிழும். அப்புறம் கை நிறைய அள்ளி அழுத்திப் பாருங்கள், உள்ளே மிளகு அளவில் கருப்பு விதைகள் நெருடினால் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று அர்த்தம். விதைக்கும் சேர்த்து நீங்கள் காசு கொடுக்கிறீர்கள், அதோடு விதை இருந்தால் பூச்சி வரும்.

நீங்களே அடைப்பதாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். 16க்கு 24 அளவுத் தலையணைக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை பிடிக்கும், கெட்டியாக வேண்டுமா மெத்தென்று வேண்டுமா என்பதைப் பொறுத்தது. நெருக்கமாக நெய்த மெத்தைத் துணியாகப் பார்த்து எடுங்கள், கோடு போட்டது எல்லாக் கடையிலும் கிடைக்கும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஊடுருவக் கூடாது. சாதா காடாத் துணியில் அடைத்தால் இழை வெளியே வந்து தலைமுடி, போர்வை, மூக்கு எல்லா இடத்திலும் ஒட்டும். துணியை ஒரு முறை அலசிக் காய வைத்து, மூன்று பக்கமும் இரட்டைத் தையல் போட்டு, நாலாவது பக்கத்தில் ஆறு அங்குலம் வாய் விடுங்கள். இதற்கு ஜிப் வைக்காதீர்கள், பல்லிடுக்கு வழியாகப் பஞ்சு கசியும்.

அடைக்கும் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கை மூடித் துணி கட்டிக்கொள்ளுங்கள், பறக்கும் இழை நெஞ்சுக்கு நல்லதில்லை. பஞ்சைப் பிடிப்பிடியாக எடுத்து, விரலால் பிரித்துவிட்டு, முதலில் தூரத்து இரண்டு மூலைகளை நிரப்புங்கள். அங்கே இறுக்கமாகத் திணித்த பிறகுதான் நடுவுக்கு வர வேண்டும், நடுவை முதலில் நிரப்பினால் மூலை கடைசிவரை காலியாகவே இருக்கும். பாதி ஆனதும் வாயைப் பிடித்துக்கொண்டு தரையில் தட்டுங்கள், பஞ்சு இறங்கும், மேலும் அடையுங்கள். புதிதாக அடைத்தது உங்களுக்கு வேண்டிய உயரத்தைவிட ஒன்றரை, இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். வாயை உடனே நெருக்கித் தைக்காமல் பெரிய தையலாகப் போட்டு, இரண்டு வாரம் தலைக்கு வைத்துப் படுத்த பிறகு, அமுங்கிய அளவு பார்த்துக் கொஞ்சம் சேர்த்து, அப்புறம் கெட்டியாகத் தையுங்கள்.

பருத்தி மாதிரி இதை மெஷினில் போட்டு அடிக்கக் கொடுக்க வேண்டாம். இலவம் இழை முறுகலானது, அதிகம் அடித்தால் ஒடிந்து தூளாகும். பழையது இறுகினால் வெயிலில் காய வைத்து, கையால் பிரித்து, தூளை உதறிவிட்டுப் புதுப் பஞ்சு கால் கிலோ சேர்த்து அடைத்தால் போதும்.

படி 8: துணியும் தையலும்

உறைக்கு நம் ஊரிலேயே நல்ல துணி இருக்கிறது. கரூரில் வீட்டு உபயோகத் துணிதான் பெரிய தொழில், சென்னிமலைத் துணியும் கெட்டியாக உழைக்கும், பவானி ஜமுக்காளத் துணியில் திண்டு உறை தைத்தால் வருஷக்கணக்கில் வரும். தினமும் உட்காரும் சோபாவுக்குத் தடித்த பருத்தி, அல்லது பருத்தி கலந்த பாலியெஸ்டர். வெல்வெட் பார்க்க அழகு, தூசியும் முடியும் பிடித்துக்கொள்ளும். ரெக்சின் துடைக்கச் சுலபம், ஆனால் வேர்க்கும், மலிவானது இரண்டு மூன்று வருஷத்தில் தோல் உரியும்.

பருத்தி என்றால் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காய வையுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே சுருங்கி ஜிப் மூடாது. ஜிப்பைப் பின்பக்கம் வைத்து, இரண்டு மூலையையும் தாண்டி நாலு அங்குலம் பக்கவாட்டில் திரும்பும்படி வைக்கச் சொல்லுங்கள், ஃபோமை நுழைப்பது சுலபம். நுழைக்கும்போது ஃபோமை மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு உள்ளே தள்ளிவிட்டு, மூலையைச் சரிசெய்தபின் பையை மட்டும் உருவி எடுத்தால் சிரமமே இல்லை, சோபா தைப்பவர்கள் இப்படித்தான் செய்வார்கள். ரெக்சின் உறைக்குப் பின்னால் சல்லடைத் துணி ஒரு துண்டு வைக்கச் சொல்லுங்கள், காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் உட்காரும்போது தையல் விட்டுப்போகும். ஓரத்தையலில் கயிறு மாதிரி துணிப் பட்டை வைத்துத் தைப்பதைப் பைப்பிங் என்பார்கள், அதை வைத்தால் ஓரம் சீக்கிரம் தேயாது, அதற்குக் கேட்கும் கூலியைக் கொடுக்கலாம்.

படி 9: பராமரிப்பு

இதில் அதிகம் தவறாக நடப்பது வெயில் விஷயம். இலவம், பருத்தி இரண்டுக்கும் வெயில் நல்லது. மாதம் ஒரு முறை மொட்டை மாடியில் போட்டு, மதியம் திருப்பிப் போட்டு, சாயங்காலம் தட்டி எடுத்தால் ஈரமும் பூச்சியும் அண்டாது, பஞ்சும் எழும்பும். ஃபோமையும் லேடெக்ஸையும் வெயிலில் போடவே கூடாது, மஞ்சளாகி, மொரமொரவென்று உடைய ஆரம்பிக்கும். அவற்றை உறையைக் கழற்றி நிழலில், காற்று வரும் இடத்தில் வையுங்கள். ஃபைபரைத் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். வாஷிங் மெஷினில் போடும்போது இரண்டு தலையணையாகப் போடுங்கள், ஒன்று மட்டும் போட்டால் டிரம் ஒரு பக்கம் சாய்ந்து குதிக்கும். நடுப் பகுதி காயாமல் எடுத்து வைத்தால் நாற்றம் பிடிக்கும், இரண்டு நாள் ஆனாலும் முழுக்கக் காயட்டும். இலவம் தலையணையைத் தண்ணீரில் போடாதீர்கள், உறையை மட்டும் துவைத்தால் போதும்.

அடுத்தது எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு படுக்கும் வீடு என்றால் உறைக்குள் இன்னொரு உறை கட்டாயம். உள்ளுறை நெருக்கமான பருத்தியில், ஜிப்போடு இருக்கட்டும். மேல் உறையை வாரம் ஒரு முறையும், உள்ளுறையை மாதம் ஒரு முறையும் துவையுங்கள். எண்ணெய் தலையணைக்குள் இறங்கிவிட்டால் அந்தச் சிக்கு வாடையை எடுக்க வழியே இல்லை.

சோபா குஷன்களை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திருப்பியும் இடம் மாற்றியும் போடுங்கள், டிவிக்கு நேரே இருக்கும் ஒரே குஷன் மட்டும் தேய்வது நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குஷன்களைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கை இடைவெளி விடுங்கள், ஈரச் சுவரிலிருந்துதான் பூஞ்சை ஏறுகிறது. லேசான பூஞ்சை வாடைக்கு ஆப்ப சோடாவைத் தூவி, ஒரு மணி நேரம் விட்டு, வாக்குவம் கிளீனரால் எடுக்கலாம். கரும்புள்ளி உள்ளே வரை போயிருந்தால் அதைக் காப்பாற்ற முயல வேண்டாம், முக்கியமாக வீட்டில் வீசிங் உள்ளவர்கள் இருந்தால்.

தலையணையை எப்போது மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு: நடுவில் மடித்துப் பிடித்து விடுங்கள், விரியவில்லை என்றால் ஃபைபர் தலையணையின் வேலை முடிந்தது. இலவம் என்றால் மாற்ற வேண்டாம், பிரித்து அடைத்தால் போதும். உதிராத பழைய ஃபோமைக் கத்தரிக்கோலால் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, கெட்டியான பைக்குள் அடைத்தால் தரையில் போட்டு உட்கார ஒரு குஷன் கிடைக்கும். உதிர ஆரம்பித்ததை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், அந்தத் தூள் வீடு முழுக்கப் பரவும். அதைப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள், எரிக்க வேண்டாம்.